மேச்சேரிக் கோழி

எங்கள் லேபின் பதிவேட்டை நம்புகிறவர்கள், பனமரத்துப்பட்டி ஏரியில் தண்ணீருக்குப் பதில் கோழிதான் நிற்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அத்தனை சீட்டுகளில் அந்த ஊர்ப் பெயர் இருக்கிறது. பெரும்பாலும் என் கையெழுத்து.

நாமக்கல்லில், முட்டைக்கோழிகளுக்கு வந்திருப்பது என்ன நோய் என்று பார்த்துச் சொல்லும் தனியார் லேப் ஒன்றில் பதினாறு வருஷமாக வேலை பார்க்கிறேன். காலையில் கதவைத் திறக்கும்போதே வாசலில் நாலு பைக் நிற்கும். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு தீவனப் பை. பைக்குள் இரண்டு மூன்று கோழி, செத்ததோ சாகப்போவதோ. நான் சீட்டு எழுதுவேன். கோழிக்கு எத்தனை வாரம், கொட்டகையில் எத்தனை, நேற்று எத்தனை செத்தது, தீவனம் எடுக்கிறதா. இதற்கெல்லாம் பட்டென்று பதில் வரும். ஊர் என்ன என்று கேட்டால் மட்டும் மனிதர் விட்டத்தைப் பார்ப்பார்.

“ஏதாச்சும் ஒண்ணு போட்டுக்க சாமி.”

நோய் வந்த ஊர் என்று பெயர் கிளம்பிவிட்டால் முட்டை லாரி அந்தப் பக்கம் திரும்பாது. பக்கத்துப் பண்ணைக்காரர் வேலியோரம் நின்று கத்துவார். சொந்தக்காரர்கள்கூட வாசலுக்கு வெளியே வண்டியை நிறுத்திக் குரல் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதனால் எல்லோரும் வேறு ஊர் சொல்வார்கள். உண்மையான ஊர்தான் வேண்டும் என்று நாங்கள் பிடிவாதம் பிடித்தால் அடுத்த தெரு லேபுக்குப் போய்விடுவார்கள் என்பது எங்கள் முதலாளிக்குத் தெரியும். அவர் அந்த வரியை மட்டும் படிப்பதே இல்லை.

ஒருமுறை ஒருவர், பனமரத்துப்பட்டி சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், மேச்சேரி என்று சொல்லிவிட்டார். உள்ளே மேஜையில் கோழி அறுத்துக்கொண்டிருந்த டாக்டர் அங்கிருந்தே கேட்டார்: “மேச்சேரியா? ஆடா, கோழியா?” மேச்சேரி என்றால் செம்மறி ஆடு என்பது எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வாசலில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சொன்னவரும் சிரித்தார். அவருடைய பைக்குள் ஒரு கோழி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து, பச்சையாகத் தெரிகிற பொய் ஊரோடு வருகிற கோழிக்கெல்லாம் எங்களுக்குள் மேச்சேரிக் கோழி என்று பெயர்.

எங்கள் ஊர் ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் இருக்கிறது. பெயரை இங்கேயும் எழுதப்போவதில்லை. பழகிவிட்டது.

டாக்டர் ஆத்தூருக்கு அந்தப் பக்கத்துப் பையன். வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. படித்ததை அப்படியே நம்புகிற வயசு. நோய் எங்கிருந்து எங்கே போகிறது என்று கண்டுபிடித்தால் முன்னால் போய்த் தடுத்துவிடலாம் என்று, சேலம் நாமக்கல் வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, மேச்சேரி மாதிரி பச்சைப் பொய்யை மட்டும் விட்டுவிட்டு, சீட்டில் உள்ள மற்ற ஊரையெல்லாம் நம்பி, பார்த்துப் பார்த்துச் சிவப்புப் பொட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். பொட்டு அட்டையை எடுத்துக் கொடுப்பது நான். இந்த ஊரெல்லாம் பொய் சார் என்று ஒருநாள் சொல்லலாமென்று வாயைத் திறந்தேன். அப்போது முதலாளி உள்ளே வந்தார். மூடிக்கொண்டேன். ஒருமுறை மூடியதைப் பிறகு திறப்பது கஷ்டம்.

அந்த மாசியில் வந்த நோயை எங்கள் பக்கம் ஐ.எல்.டி. என்பார்கள். மூச்சுக்குழலைத் தாக்குகிற வைரஸ். முதலில் பார்த்தால் சாதாரணச் சளி மாதிரிதான் இருக்கும், தும்மும், கண்ணில் நீர் வடியும். பண்ணைக்காரர்கள் சளி மருந்தைத் தண்ணீரில் கலந்துவிட்டு நாலு நாளை வீணடிப்பார்கள். வைரஸுக்கு அந்த மருந்து எதுவும் கேட்காது. பிறகு கோழி கழுத்தை மேலே நீட்டி, வாயைப் பிளந்து, விசில் மாதிரி சத்தத்தோடு மூச்சை இழுக்கும். தலையை உதறும்போது ரத்தம் தெறிக்கும். கூண்டுக் கம்பியில் ரத்தக் கோடு தெரிந்தால் பாதி முடிவு செய்துவிடலாம். மீதியைக் கத்தரி சொல்லும். தொண்டையிலிருந்து மூச்சுக்குழலை நீளவாக்கில் வெட்டிப் பிரித்தால், நல்ல கோழிக்கு உள்ளே வெள்ளை வெளேரென்று இருக்கும். இந்த நோய் என்றால் ரத்தக் கட்டி, இல்லாவிட்டால் மஞ்சளாகத் தயிர்க்கட்டி மாதிரி ஓர் அடைப்பு. அதன் பிறகுதான் மாதிரி எடுத்து பெரிய பரிசோதனைக்கு அனுப்புவோம். அங்கிருந்து வருகிற தாளில் எனக்குத் தெரியாதது எதுவும் இருந்ததில்லை.

இந்த நோயில் ஒரே நல்ல விஷயம், இது காற்றில் பறந்து ஊரைச் சுற்றாது. மனிதர்களின் கையில், காலில், சட்டையில், முட்டை அட்டையில் ஒட்டிக்கொண்டு மெதுவாக நடந்துதான் வரும். தெரிந்தால் கேட்டைச் சாத்தித் தடுத்துவிடலாம். தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டுக்கும் ஒரு கோழிப்பண்ணை உண்டு. ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு சோளக்காட்டைத் தாண்டி, அக்காவின் பண்ணை. உறவில் அக்கா இல்லை. பதினைந்து வருஷமாக அப்படிக் கூப்பிட்டுப் பழகிவிட்டேன். அவருடைய வீட்டுக்காரர் ரிக் வண்டியோடு ஆழ்துளைக் கிணறு போட வடக்கே போய்விடுவார். பொங்கலுக்கு வந்தால் உண்டு. பண்ணையை அக்காதான் தனியாக நடத்தினார். கோழி போடும் முட்டையில்தான் அந்தக் குடும்பமே நின்றது. போன தடவை குஞ்சு எடுக்கும்போது, ஒரே லாரியில் வந்தால் நல்லது என்று எங்களுக்கும் அவருக்கும் சேர்த்தே சொன்னோம். ஒரே நாள் பொரித்த குஞ்சு. பாதி ரோட்டுக்கு இந்தப் பக்கம் இறங்கியது, பாதி அந்தப் பக்கம். தடுப்பூசி, தீவன மாற்றம், அலகு நுனியை வெட்டுவது எல்லாம் இரண்டு வீட்டுக்கும் ஒரே தேதியில் நடக்கும்.

அந்தக் கோழிகள் முட்டைக்கு வர இரண்டு மூன்று வாரம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தீவனம் போட எங்கள் கொட்டகைக்குள் போனேன். கடைசி வரிசையில், கிழக்கு மூலையில், கூண்டுக் கம்பியில் ஒரு சிவப்புக் கோடு. காய்ந்து, நூல் மாதிரி. வாளியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றேன். நாலாவது கூண்டில் ஒரு கோழி கழுத்தை நீட்டி என்னைப் பார்த்தபடி மூச்சை இழுத்தது.

அதைத் தூக்கிக்கொண்டு போய்த் துணி துவைக்கிற கல்லில் வைத்து, லேபில் தேய்ந்துபோனதென்று கொடுத்த பழைய கத்தரியால் நானே அறுத்தேன். எத்தனையோ பேருடைய கோழியை அறுத்த கைதான். அன்றைக்கு ஒரே வெட்டில் பிரிக்க வரவில்லை, இரண்டு தடவை வெட்டினேன். மூச்சுக்குழலுக்குள் ரத்தக் கட்டி.

அது எப்படி எங்கள் வீட்டுக்கு வந்தது என்று எனக்குச் சந்தேகமே இல்லை. லேபிலிருந்து வந்தால் குளித்துத் துணி மாற்றாமல் கொட்டகைக்குள் போகக் கூடாது. நானே ஊருக்கெல்லாம் சொல்கிற விதி. பத்து நாளைக்கு முன் ஒரு சாயங்காலம் கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை, தொட்டியில் தண்ணீர் இல்லை. தண்ணீர்க் குழாய் ஒன்று கழன்று கொட்டுகிறது என்று என் வீட்டுக்காரர் கூப்பிட்டார். லேபுக்குக் கட்டிய சேலையோடு உள்ளே போய்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசி வரிசை, கிழக்கு மூலை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் முதலில் கேட்டது, “யாருக்காச்சும் தெரியுமா?” என்றுதான்.

“இன்னும் தெரியாதுங்க.”

“அப்பத் தெரிய வேண்டாம். லேப்காரி ஊட்டுக்கே லேப்ல இருந்து வந்துருச்சுன்னு ஊரே சிரிக்கும். முட்டைக்காரன் நம்ம கேட்டத் திரும்பிப் பாப்பானா?”

அவரைக் குறை சொல்லி நான் தப்பிக்க முடியாது. அவர் சொன்னதைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஊர் சிரிப்பதை நினைத்துத்தான் எனக்கு அதிகம் வலித்தது, கோழியை நினைத்துக்கூட இல்லை.

திங்கட்கிழமை இரண்டு கோழியைப் பையில் போட்டு எடுத்துப்போனேன். நான் வருவதற்கு முன்பே யாரோ வாசலில் வைத்துவிட்டுப் போனதாகச் சொன்னேன். சீட்டை நானே எழுதினேன். ஊர் என்கிற இடத்தில் வெண்ணந்தூர் என்று போட்டேன். அங்கே தறிச்சத்தம்தான் அதிகம், கோழிக்காரர் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள் என்று அந்த நேரத்திலும் கணக்குப் போட்டிருக்கிறேன். டாக்டர் மூச்சுக்குழலைப் பிரித்துப் பார்த்தார். “வெண்ணந்தூர்லயும் வந்துடுச்சா மேடம்” என்று வருத்தப்பட்டார். நான் பொட்டு அட்டையை எடுத்துக் கொடுத்தேன். அவர் ஒட்டினார்.

புதன்கிழமை இரண்டு பண்ணைக்கும் தடுப்பூசி. அது வேறொரு நோய்க்கான ஊசி, முன்பே குறித்த தேதி. ஊசி போட ஒரு குழு வரும். ஒரு மேஸ்திரியும் ஆறேழு பேரும். ஒருவர் கூண்டிலிருந்து கோழியைப் பிடித்துக் கொடுக்க, இன்னொருவர் நெஞ்சில் குத்தி, திரும்ப உள்ளே விடுவார்கள். ஒரு கோழி விடாமல் கையில் எடுப்பார்கள். ஒரு பண்ணையில் முடித்த கையோடு அடுத்த பண்ணை. அதே சட்டை, அதே செருப்பு.

“ஊசிய நிறுத்திரலாங்க. நோய் வந்த கோழிக்கு ஊசி போடக் கூடாது” என்றேன்.

“நிறுத்துனா மேஸ்திரி ஏன்னு கேப்பான். அவங்கிட்டச் சொல்றதும் மைக் செட்டுல சொல்றதும் ஒண்ணு. கடேசி வரிசைக்கு மட்டும் வேண்டாம்னு சொல்லிக்கலாம் உடு.”

எனக்கு அப்போது ஒரு வழி தோன்றியது. இதை எழுதும்போதும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஊசிக்குழு எந்த வீட்டுக்கு முதலில் போவது என்பதற்கு எங்களுக்குள் முறை உண்டு. போன தடவை எங்கள் வீடு முதலில். இந்தத் தடவை அக்காவின் முறை. அவர்கள் அங்கே முடித்துவிட்டு இங்கே வந்தால் அக்காவின் கோழிக்கு ஒன்றும் ஆகாது. யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். பொய்யும் நிற்கும், அவருடைய கோழியும் பிழைக்கும். செவ்வாய்க்கிழமை பகலெல்லாம் அந்த நினைப்பில் நிம்மதியாகக்கூட இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அக்கா ஒரு கட்டு முருங்கைக்காயோடு வந்தார். வாசலில் நின்றபடியே கேட்டார்.

“ஏங் கண்ணு, கோழிக்கு என்னவோ மூச்சு நோவு சுத்துதுன்னு பேசிக்கறாங்க. நீ லேப்ல இருக்கறவ. நம்ம பக்கம் ஏதாச்சும் இருக்குதா?”

“நம்ம பக்கம் இல்லீங்க்கா. எல்லாம் பனமரத்துப்பட்டி, வெண்ணந்தூர்ப் பக்கம்.”

யோசிக்கவே இல்லை. சீட்டில் எழுதியதை அப்படியே வாயால் சொன்னேன்.

“நல்லதாப் போச்சு போ. உன்னையக் கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும்” என்றார். பிறகு போகப்போனவர் திரும்பினார். “ஆமா, நாளைக்கு ஊசி மொதல்ல உங்க ஊட்டுக்குப் போட்டுக்கட்டும். மேஸ்திரிகிட்டச் சொல்லிட்டேன்.”

“உங்க மொறைதானுங்க்கா.”

“இருக்கட்டும். நீ வேலைக்குப் போறவ. வெடியால உங்குளுது முடிஞ்சுட்டா நீ ஒம்போது மணி பஸ்ஸப் புடிச்சுருவ. நான் ஊட்டுலதானே கெடக்கறேன்.”

போன தடவை ஊசிக்காக நான் லீவு போட்டதும் முதலாளி முகத்தைக் காட்டியதும் எப்போதோ பேச்சுவாக்கில் சொன்னது. அதை அவர் ஞாபகம் வைத்திருந்தார். வேண்டாங்க்கா, உங்களுக்கே முதலில் போடட்டும் என்று நான் அழுத்திச் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாரோ என்று பயம். உண்மையில் அவர் கேட்டிருக்கமாட்டார். இந்தப் பிள்ளைக்கு எவ்வளவு நியாயம் பார் என்று சிரித்திருப்பார்.

“சரிங்க்கா” என்றேன்.

புதன்கிழமை ஆறு மணிக்குக் குழு வந்தது. கடைசி வரிசைக்குப் போனதும் மேஸ்திரி நின்றார். கம்பியைப் பார்த்தார். “இந்த வரிசைக்குப் போடலாங்களா?” என்று கேட்டார். வீட்டுக்காரர், “அதுக்குப் போட்டாச்சு, உட்டுருங்க” என்றார். மேஸ்திரி ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வரிசைக்குப் போனார். அவருக்குத் தெரிந்துவிட்டது. வருஷத்துக்கு எத்தனை கொட்டகை பார்க்கிறவர், தெரியாமல் இருக்குமா? மைக் செட் என்று நாங்கள் பயந்த அந்த ஆள் இன்றுவரை யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்றைக்கு அக்காவிடமும் சொல்லவில்லை. அடுத்தவர் பண்ணை விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது என்பது அவர்கள் தொழில் தர்மம். எல்லோருக்கும் ஒரு தர்மம் இருந்தது.

ஒன்பது மணி பஸ் எனக்குக் கிடைத்தது. பஸ் ஜன்னல் வழியே பார்த்தேன். ஊசிக்குழுவின் வண்டி அக்காவின் கேட்டில் திரும்பிக்கொண்டிருந்தது. அவர்களுக்காக மோர்ச் சொம்போடு அக்கா வாசலில் நின்றார். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். இறங்கி ஓடியிருக்கலாம். டிக்கெட் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த பத்து நாளை எப்படிக் கழித்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. எங்கள் கொட்டகையில் வரிசை வரிசையாக மூச்சிழுக்கும் சத்தம் நகர்ந்து வந்தது. செத்த கோழிகளைப் பின்பக்கத் தென்னைக்குக் கீழே சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். புதைத்த இடத்தில் விறகை அடுக்கி மறைத்தோம். தினம் சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் காதைக் கொடுப்பேன். மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்ளக்கூட எனக்கு வாய் வரவில்லை. என்ன சொல்லி வேண்டுவது?

பதினோராம் நாள் அக்கா லேபுக்கு வந்தார். கல்யாணத்துக்குப் போகிறவர்கள் எடுத்துப்போகிற மாதிரி ஒயர் கூடை. அதில் பழைய துண்டு விரித்து இரண்டு கோழி. ஒன்று உயிரோடு இருந்தது. கழுத்தை நீட்டியது. நான் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. சீட்டை எடுத்தேன். வாரம், எண்ணிக்கை, செத்தது, தீவனம். ஊர் என்கிற வரிக்கு வந்ததும் என் பேனா நின்றது.

“வேற ஊர் போட்டுக்கறேனுங்க்கா” என்று மெதுவாகச் சொன்னேன். அவருக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் சத்தியமாக நினைத்தேன்.

“எதுக்கு வேற ஊரு? நம்மூருன்னே எழுது சாமி. பக்கத்துல இருக்கறவங்க சூதானமா இருந்துக்கட்டும். உங்க கோழிக்கு ஒட்டிக்கிச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?”

எழுதினேன். பதினாறு வருஷத்தில் நான் எழுதிய ஊர்களில் உண்மை என்று என்னால் அடித்துச் சொல்ல முடிகிற ஒரே ஊர் அதுதான். எழுதி முடித்துவிட்டுக் கழிவறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். அழுது என்ன? வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கத்தரியை எடுத்துக் கொடுத்தேன்.

டாக்டர் அந்தப் பொட்டை ஒட்டிவிட்டு ரொம்ப நேரம் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது ஒண்ணுதான் எனக்குப் புரியல மேடம். சுத்தி எங்கயும் இல்ல. வெண்ணந்தூர்லேர்ந்து எப்படி இங்க வந்துச்சு?”

“காத்துல வந்திருக்கும் சார்.”

“காத்துல இவ்வளவு தூரம் வராது மேடம். உங்களுக்கே தெரியும்ல?”

எனக்கே தெரியும்.

அவர் அன்றே எங்கள் சுற்றுவட்டப் பண்ணைகளின் வாட்ஸ்அப் குழுவுக்கு எச்சரிக்கை அனுப்பினார். ஆள் பெயர் போடவில்லை, ஊர் பெயர் மட்டும். அக்கா கோழிக் கூடையோடு போனதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள், எங்கள் ஊரில் அது போதும். பொழுது சாய்வதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, நோய் அக்காவின் பண்ணையில்தான் ஆரம்பித்தது என்று. தீவன லாரி அவர் கேட்டைத் தாண்டிப் போய் எங்கள் கேட்டில் நின்றது. ஊரில் ஆளுக்கு ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடர் வாங்கி வந்து அவர் பண்ணைக்குப் போகும் பாதையில் குறுக்கே கோடு போட்டார்கள். என் வீட்டுக்காரரும் ஒரு கை அள்ளிப் போட்டார். போடாவிட்டால் சந்தேகம் வருமாம்.

எங்கள் கோழியில் பத்துக்கு ஒன்று போனது. மற்றவை தேறி முட்டைக்கு வந்துவிட்டன. அக்காவுடையவை தேறவில்லை. அங்கே ஊசிக்குழுவின் கையோடு ஒரே நாளில் எல்லா வரிசைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது, பங்குனி வெயிலும் சேர்ந்துகொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மனசு கேட்காமல், குழி வெட்டுகிற இடத்துக்காவது போய் நிற்கலாமென்று ரோட்டைத் தாண்டினேன். அவர் தூரத்திலிருந்தே கையைக் காட்டித் தடுத்தார்.

“வராத கண்ணு, வராத! அங்கயே நில்லு! உங்க கோழிக்கு வந்துரும்!”

நின்றேன். அவர் முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு சுண்ணாம்பு கொட்டுவதைப் பிளீச்சிங் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். மிஞ்சியதைக் கழிவுக்கோழியாகக் கறிக்கு ஏற்றிவிட்டார். முட்டைக்கு வருவதற்கு முன்பே கொட்டகை காலி.

ஆடி கழிந்து ஒரு நாள் வந்தார். இளைத்திருந்தார். கொட்டகையைக் கழுவி, கூண்டையெல்லாம் நெருப்பில் காட்டி, சுண்ணாம்பு அடித்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது என்றார்.

“புதுக் குஞ்சு எறக்கலாம்னு இருக்கறேன். இன்னொருக்கா இப்புடி ஆனா எந்திரிக்க மாட்டேன் கண்ணு. நீ பாத்துச் சரின்னு சொன்னா எறக்கிடறேன்.”

இந்த நோயில் ஒரு விஷயம் உண்டு. வந்து தேறிய கோழி, சாகும்வரை அதை உள்ளே வைத்திருக்கும். பார்க்க நன்றாக இருக்கும், நன்றாக முட்டை போடும், ஆனால் என்றைக்காவது அசந்த நேரத்தில் வைரஸை வெளியே விடும். அக்காவின் கொட்டகை சுத்தமாக இருந்தது. சுத்தமில்லாதது ரோட்டுக்கு இந்தப் பக்கம், தினம் முட்டை போட்டுக்கொண்டிருந்தது. சரி என்று சொன்னால் இரண்டாவது தடவையும் நானே அவரை அழிப்பேன். இதற்குமேல் கீழே போக எனக்கே அருவருப்பாக இருந்தது.

“வேண்டாமுங்க்கா. எங்க கோழி போறவரைக்கும் எறக்காதீங்க.”

“உங்க கோழிக்கு என்ன?”

“அதுக்கும் வந்துச்சுங்க்கா. உங்குளுதுக்கு முன்னாலயே.”

அவர் முகம் மாறவில்லை. புரியவில்லை என்று நினைத்தேன்.

“எப்ப?”

“ஊசிக்கு மூணு நாள் முன்னால.”

எங்கள் கொட்டகைப் பக்கம் திரும்பினார். உள்ளே கோழிகள் கொக்கரித்துக்கொண்டிருந்தன.

“அன்னிக்கு மொறை என்னுதுதானே?”

“ஆமாங்க்கா.”

“நான்தானே உட்டுக் குடுத்தேன்.”

“ஆமாங்க்கா.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். கன்னத்தில் ஒன்று வைத்திருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, “சரி, பொழுதாச்சு” என்று மட்டும் சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டினார். அன்றிலிருந்து அவர் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டதில்லை.

ஊரில் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எங்கள் கதை முடிந்திருக்கும். சொல்லவில்லை. ஊர் இன்றைக்கும் நோய் அவர் பண்ணையிலிருந்து வந்ததாகத்தான் பேசுகிறது. நானும் யாரையும் திருத்தவில்லை. அவரிடம் ஒப்புக்கொண்டதோடு என் தைரியம் தீர்ந்துவிட்டது. எங்கள் கோழிகள் வயசாகிக் கழியும்வரை, ஒரு வருஷத்துக்கும் மேல், அவருடைய கொட்டகை காலியாகவே கிடந்தது. அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டு முட்டையை நான் சாப்பிடவில்லை என்று இங்கே எழுதினால் நன்றாக இருக்கும். சாப்பிட்டேன்.

அப்புறம் அவர் புதுக் குஞ்சு இறக்கினார், எங்களோடு சேர்ந்து அல்ல, வேறு யாரிடமோ சொல்லி. ஊசி போடவும் வேறு குழு.

போன மாதம் ஒரு காலை, வாசலில் அதே ஒயர் கூடை. அக்கா வரிசையில் நாலாவது ஆளாக நின்றார். சீட்டு எழுதுகிற இன்னொரு பெண் இருந்தால் அவளிடம் போயிருப்பார். அவள் அன்றைக்கு லீவு. என் முன்னால் வந்து கூடையை வைத்தார். இரண்டு கோழி. வாரம் கேட்டேன், சொன்னார். எண்ணிக்கை கேட்டேன், சொன்னார். ஊர் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த ஊர்தானே என்று எழுதப்போனேன்.

“மேச்சேரின்னு போடுங்க.”

நிமிர்ந்து பார்த்தேன். போடுங்க என்றார். என்னை அவர் அதுவரை ங்க போட்டுப் பேசியதில்லை.

“அக்கா…”

“மேச்சேரிங்க” என்றார், எனக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு.

எழுதினேன். சீட்டையும் கூடையையும் உள்ளே கொண்டுபோய் மேஜையில் வைத்தேன். டாக்டர் கையுறையை மாட்டியபடி சீட்டைப் பார்த்துச் சிரித்தார்.

“மேச்சேரியா? ஆடா, கோழியா?”

“கோழிதான் சார்” என்றேன்.